சன்னலில் கட்டிய முகம்

தேனியில் எங்கள் வீடு தெருமுனையில் இருக்கிறது. அதுதான் வினை. தெருவில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸை எங்கள் சமையலறைச் சன்னல் கம்பியில்தான் கட்டுவார்கள். மெயின் ரோட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு நேரே தெரிகிற இடம் அது. சாவு வீட்டுக்காரர்களிடம் போய், எனக்கு வெளிச்சம் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

கடைசியாக எதிர்வீட்டு டெய்லரின் படம் வந்தது. கட்டுவதற்குக் கூட்டமாக வந்தவர்களில், காரியம் முடிந்த பிறகு அவிழ்க்க ஒருத்தரும் வரவில்லை. ஆடிக் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. சன்னல் கதவைச் சாத்திவிட்டு, பட்டப்பகலில் லைட்டைப் போட்டுச் சமைத்தேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் டெய்லரின் மனைவியிடமே கேட்டேன்.

"அவுக மொகத்த நான் எப்படி மதினி அவுத்துக் கீழ போடுவேன்? நீங்களே அவுத்துருங்க" என்றாள்.

அரிவாள்மனையோடு வெளியே போனேன். கயிற்றை அறுத்தால் முகம் நேராகச் சாக்கடையில் விழும். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

இங்கே பழைய பிளக்ஸை அவிழ்ப்பது, அடுத்த சாவுக்குப் புதியதைக் கட்ட வருகிறவர்கள்தான். நேற்றுக் காலை தெருக்கோடியில் சங்கு ஊதும் சத்தம் கேட்டது. போனது யார் என்று விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை. சன்னல் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.