ஒரே நிறத்தில் வேஸ்ட் துணி

பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணியில் தோள்பையும் ஹேர்பேண்டும் தைத்து ஆன்லைனில் விற்கிறேன். 'கழிவுத் துணியில் செய்தது' என்று அட்டையில் போடுவதால், கூடுதல் விலை கொடுத்தும் வாங்குகிறார்கள்.

மண்ணரைப் பகுதியில் வேஸ்ட் குடோன் வைத்திருக்கும் ஒருவரிடம்தான் துணி எடுப்பேன். மூட்டையில் எல்லா நிறமும் கலந்து வரும். கடல்நீலப் பைகள் நன்றாக விற்கவே, "அண்ணா, அந்தக் கலர் மட்டும் வேணுங்க" என்றேன். அதன்பின் தவறாமல் அனுப்பினார். விலை ஏறியபோது, நிறம் பிரிக்கும் கூலி என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பெரிய ஆர்டர் தரவிருந்த சென்னைக் கடை ஒன்று, துணி வரும் இடத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. பழைய போட்டோவே போதுமென்று முதலில் நினைத்தேன். நல்லவேளை, நேரில் போனேன். அங்கே புத்தம்புதிய கடல்நீல ரோலை விரித்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்ணா, புதுத் துணிய வெட்டறீங்க?"

"உங்களுக்குத்தானுங்க அம்மிணி. வேஸ்ட்டு ஒரே கலர்ல எப்புடீங்க வரும்? நீங்க கேட்டுட்டே இருந்தீங்க. அதான் ரோல் வாங்கி, வேஸ்ட் பண்ணிக் குடுக்கறனுங்க."

அவர் முகத்தில் துளியும் ஒளிவுமறைவு இல்லை. நான்தான் போனைப் பைக்குள் வைத்தேன்.

நடந்ததைச் சொன்னதும் கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். இருந்த நீலப் பைகளின் அட்டையைக் கழற்றி, சாதாரண விலைக்கே விற்றேன்.

இப்போது மூட்டை பிரிக்கும்போது நானும் கூடவே நிற்கிறேன். துணிக்கு, தையலுக்கு, எனக்கு எவ்வளவு என்பதை அட்டையிலேயே எழுதிவிடுகிறேன். "இதே கலர்ல இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டால், "கிடைக்காதுங்க" என்கிறேன். கிடைத்துவிட்டால்தான் இப்போது எனக்குப் பயம்.