எனக்காக ஏறெடுத்த ஜெபம்

எனக்கு இருபத்தொன்பது வயதில் மாதவிலக்கு நின்றுபோனது. கல்யாணமாகி ஐந்து வருடம் குழந்தையில்லாத வீடு என்பதால், முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை என்று ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மா சொல்லிவிட்டு, ஹார்மோன் அளவு பார்க்க மெட்ராசுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ரத்தப் பரிசோதனை எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் எங்கும் கிடையாது.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மண்ணூர்ப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த டீச்சர்தான் துணைக்கு வந்தாள். என்னைவிட இளையவள், ஒரே சபை. ரத்தம் கொடுக்கப் போனபோதும் வந்தாள், முடிவு கேட்கப் போனபோதும் வந்தாள்.

"ஈஸ்ட்ரோஜன் ரொம்பக் குறைவா இருக்கும்மா. சினைப்பை வேலை செய்யறத நிறுத்திடுச்சு. மாத்திரை தரேன், உடம்புக்கு நல்லது. குழந்தைக்கு வாய்ப்பு இல்ல" என்றார் மெட்ராஸ் டாக்டர்.

திரும்பும் பஸ் பூந்தமல்லியைத் தாண்டியது. பிறகு, "அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன். கொஞ்ச நாள் போவட்டும். நீ யாருகிட்டயும் சொல்லிடாத" என்றேன்.

"என் வாய்லேர்ந்து வராதுக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பக்கத்தில் மாமியார். ஒவ்வொருவராக ஜெபித்து டீச்சரின் முறை வந்தது.

"ஆண்டவரே, இந்த வூட்டு மருமகளை உம்ம கையில ஒப்புக்கொடுக்குறோம். ரத்தத்துல பொம்பள ஹார்மோனே இல்ல, பிள்ளை பிறக்காதுன்னு டாக்டர் கையை விரிச்சிட்டாரு. நீர் அற்புதம் செய்யும்."

அழுதுகொண்டேதான் ஜெபித்தாள். பொய் அழுகை இல்லை. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பழக்கத்தில் என் வாயும் ஆமென் சொன்னது. மாமியார் மட்டும் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு, "இத்த மனசுல வச்சிகினுதான் என் வூட்ல வளைய வந்துகினு இருந்தியா?" என்று கேட்டார் மாமியார்.

வேலை முடிந்து வந்த கணவரிடம் அவர்தான் முதலில் சொன்னார். கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். "எனுக்குத் தெரியாதது உன் டீச்சருக்குத் தெரியுது. நான் யாரு உனுக்கு?" பிள்ளை பிறக்காது என்பதை அவரிடம் நானே சொல்லத்தான் பயந்து பயந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பள்ளியில் அவளே வந்தாள். "ஏன்க்கா பேச மாட்டேன்ற? தெருவுல போயா சொன்னேன்? ஆண்டவர்கிட்டதான சொன்னேன்."

"ஆண்டவருக்குக் காது கேக்கும். மனசுக்குள்ளயே சொல்லியிருக்கலாம்" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. தனக்காக யாராவது அப்படி உருகி ஜெபித்திருந்தால் நன்றி சொல்லியிருப்பாளாம்.

கணவர் மூன்று மாதம் போல என்னோடு சரியாகப் பேசவில்லை. மாத்திரை தீர்ந்தபோது, கேட்காமலே அவர் மெட்ராஸ் போய் வாங்கிவந்து அலமாரியில் வைத்தார். மெல்ல மெல்ல பேச்சு திரும்பியது. பிள்ளை இல்லாமலே வாழ்ந்தோம். வாழ்ந்தது ஒன்றும் மோசமில்லை.

அவளும் நானும் அதற்குப் பிறகும் வெகுகாலம் அடுத்தடுத்த வகுப்பில் பாடம் நடத்தினோம். சாக்பீஸ், வருகைப் பதிவு, மதியச் சோறு என்று பேச்சு ஓடும். என் உடம்பைப் பற்றியோ மனசைப் பற்றியோ அவளிடம் மட்டுமில்லை, எந்தப் பெண்ணிடமும் நான் மறுபடி வாய் திறந்ததில்லை.