கல்யாணக் கேசட்டில் காணாமல் போன கலர்

வாய் நீளமான மெக்கானிக்குக்குக் கை தாமதமாகத்தான் வேலை செய்யும். இது என் கதைதான்.

அரியாங்குப்பத்தில் முப்பது வருஷமாக டி.வி., ஆம்ப்ளிஃபயர், புரொஜெக்டர் ரிப்பேர் செய்கிறேன். பழைய வீடியோ கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றியும் தருவேன். போன வருஷம் முசே லெயோன் தன் கல்யாணக் கேசட்டோடு வந்தார். முசே என்றால் எங்கள் பக்கம் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா, அதாவது சிப்பாய். கூடவே அவர் மகள் கிளேர், அவருடைய அக்கா மதலேன்.

கிளேருக்குக் கல்யாணம். காலமான அம்மா ரிசப்ஷனில் கட்டிய பட்டுப்புடவை கலரிலேயே தனக்கும் வேண்டும் என்று பிடிவாதம். அந்தப் புடவை இப்போது இல்லை. போட்டோக்கள் வெள்ளத்தில் போய்விட்டன. நெசவாளருக்குச் சாயங்காலத்துக்குள் கலர் சொல்லியாக வேண்டும்.

"கத்தரிப்பூ கலரு," என்றார் முசே.

"மயில் கழுத்துடா! நான்தான கட்டிவுட்டேன்," என்றார் மதலேன் அக்கா.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. அண்ணன் போட்டுக் காட்டட்டும்," என்றாள் கிளேர்.

போட்டேன். படம் வந்தது, சத்தம் வந்தது, கலர் மட்டும் வரவில்லை.

"ஹெட்டு தேஞ்சுபோச்சு முசே. பத்தே நிமிஷம்," என்று கெத்தாகச் சொன்னேன். டேப்பைப் படிக்கும் அந்த ஹெட்டைத் துடைத்தேன். புது ஹெட் மாற்றினேன். வேறு வி.சி.ஆர். டெக்கில் போட்டேன். மதியமும் தாண்டிவிட்டது. கிளேர் கண் கலங்கிவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த எரிச்சலில், "எவன் எடுத்தான் இத?" என்று கேட்டுவிட்டேன்.

"பிரான்சுல, துலோன்ல ஒரு வெள்ளக்காரன் எடுத்தான். கல்யாணமே அங்கதான நடந்துது," என்றார் முசே.

தலையில் அடித்துக்கொண்டேன். பிரான்சில் கலர் பதிந்த முறை செகாம். நம் ஊரில் பால். குடிக்கிற பால் இல்லை. அந்த ஊர்க் கேசட் இந்த ஊர் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும்.

"பிரான்சு டெக்கு யார்கிட்டயாவது இருக்குமா?"

"எங்கிட்டயே ஒண்ணு கெடக்கு. பிரான்சுலேந்து வரும்போது கொண்டாந்தேன்," என்றார் மதலேன் அக்கா. "இங்க எந்தக் கேசட்டுக்கும் கலர் வரல. கெட்டுப்போச்சுன்னு அதுமேல மீன் தொட்டி வெச்சிருக்கேன்."

ஆட்டோவில் போய் மீனை இறக்கிவிட்டு டெக்கைக் கொண்டுவந்தோம். என் கடை டி.வி. எல்லா முறையும் எடுக்கும். கேசட்டைத் தள்ளினேன்.

புடவை அரக்குச் சிவப்பு. தங்க ஜரிகைக் கரை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கிளேர் அழுதுகொண்டே சிரித்தாள். நெசவாளருக்குப் போன் போட்டு, "அரக்கு!" என்று கத்தினாள். பிறகு அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்துலதானப்பா நின்னீங்க? கத்தரிப்பூன்னு எப்பிடிச் சொன்னீங்க?"

முசே டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் எங்க புடவையப் பாத்தேன்? அவ மூஞ்சியத்தான் பாத்துக்கினு நின்னேன்."

தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன் எந்த ஊர்க் கேசட் என்று கேளுங்கள். அன்றைக்கு என் ஹெட் தேயவில்லை, அக்காவின் டெக் கெடவில்லை, முசேயின் கண்ணிலும் பழுதில்லை. கேட்காமல் கழற்றிய என்னிடம்தான் ரிப்பேர் இருந்தது.