மூன்று அடிப் பள்ளம்

புது பெயின்ட் வாசனை. டர்பன்டைன் கலந்து, மூக்குக்குள் ஏறிப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளுமே... அந்த வாசனை.

போன வாரம் அரியலூரில் இருந்தேன். திருச்சிக்கு ரயில் வர நாலு மணி நேரம். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை கேட்டேன். கதவைத் திறந்ததுமே குப்பென்று அடித்தது. மேனேஜருக்குப் பெருமை. "நேத்துதான் சார் அடிச்சு முடிச்சோம். நீங்கதான் மொத ஆளு."

நான் பையைக் கீழே வைக்கவில்லை. கதவை மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன்.

"ஏன் சார், தாழ்ப்பா சரியில்லீங்களா?"

"தாழ்ப்பாள் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒரு பழக்கம்."

அந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவள் ரஹ்மத்.

புதிதாகக் கட்டிய வீடு ஒன்று விலைக்கு வருகிறது, என்னென்ன பார்க்க வேண்டும் என்று உங்களில் பலர் எழுதிக் கேட்கிறீர்கள். வில்லங்கம் பாருங்கள், மூலப் பத்திரம் பாருங்கள், அப்ரூவல் பாருங்கள் என்று வக்கீல்கள் சொல்வார்கள். சரிதான். நானும் ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு புள்ளி பிசகில்லை. அப்படியும் ஒரு குடும்பத்தைத் தப்பான வீட்டில் குடியேற்றப் பார்த்தேனே... அதைச் சொல்கிறேன்.

எட்டு வருஷம் இருக்கும். பெரம்பலூர் மாவட்டத் தலைநகரமாகி, டவுன் நாலு பக்கமும் கையை நீட்டிக்கொண்டிருந்த காலம். பருத்தி விளைந்த காட்டில் மனை பிரித்து நட்ட வெள்ளைக் கல் விளைய ஆரம்பித்திருந்தது.

ஜமால் என்னோடு படித்தவன். லெப்பைக்குடிக்காட்டுக்காரன். சவுதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் லீவு, அவ்வளவுதான் ஊர். அவன் மனைவி ரஹ்மத், எனக்குத் தங்கச்சி முறை. அவனுடைய அத்தா வீட்டில், மூன்று அண்ணன் தம்பிக் குடும்பங்களுக்கு நடுவே, இரண்டு பிள்ளைகளோடு ஒரு அறையில் இருந்தாள். அந்த அறைக்குக் கதவு கிடையாது. திரைதான். பதினோரு வருஷம் திரை.

ஒரு பங்குனி மாதம் ஜமால் போன் செய்தான்.

"மாப்ள, பெரம்பலூர்ல புது வூடு ஒண்ணு வருதாம்டா. நீ போயி பாரு. நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

போனேன். பார்த்தேன். ஹால், இரண்டு பெட்ரூம், மொசைக் தரை, வேங்கைக் கதவு. காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாக இறங்கித் தரையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வெளிச்சம் என்றால் ஒரு பலவீனம். அது விழுந்த இடமெல்லாம் நல்ல இடம் என்று நம்பிவிடுவேன்.

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவரைக் கூட்டிப் போய் வீட்டைப் படம் பிடித்தேன். அறை அறையாக. வெளிச்சம் வெளிச்சமாக. பத்திரங்களையும் வக்கீலிடம் காட்டினேன். எல்லாம் சுத்தம் என்றார். கேசட் தம்மாம் போகிற ஆள் ஒருவர் பெட்டியில் ஏறிக் கடல் தாண்டிப் போனது.

பத்து நாளில் போன்.

"எட்டு பேரு ஒரே ரூம்ல உக்காந்து பாத்தோம்டா! ரெண்டு தடவ ரீவைண்ட் பண்ணியாச்சு. பக்கத்து ரூம் பாகிஸ்தானி கூட மாஷா அல்லான்னுட்டான். வர்ற வெள்ளிக்கெழம அக்ரிமென்ட் போட்டுடு. வைகாசில நான் வந்து ரிஜிஸ்டர் பண்ணிக்கறேன்."

"ரஹ்மத் பாத்துச்சா?"

"அதான் கேசட்டே பாத்தாச்சே... அவ தனியா என்னத்தப் பாக்கப் போறா?"

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு டீச்சர் அதே வீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதாகக் கட்டியவர் சொல்லியிருந்தார். புது வீடு விற்கிற எவரிடமும் ஒரு டீச்சர் கைவசம் இருப்பார். கவனித்திருக்கிறீர்களா?

வியாழக்கிழமை காலையில் ரஹ்மத் வந்து இறங்கினாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கையில் ஒரு டிபன் பாக்ஸோடு. பார்க்கத்தான் வந்திருக்கிறாள், ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். டிபன் பாக்ஸ் எதற்கு என்று யோசித்திருக்க வேண்டும்.

கட்டியவர் சாவியோடு நின்றார். நல்ல மனிதர், பெயர் வேண்டாம். ஜெயங்கொண்டம் பக்கம், முந்திரிக்காட்டு ஊர்க்காரர். கொத்தனாராக இருந்து கண்ட்ராக்டர் ஆனவர். பெரம்பலூரில் இதுதான் அவருக்கு முதல் வீடு.

ரஹ்மத் ஹாலின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். முகம் மலர்ந்தது. பிறகு கதவு கதவாகப் போனாள். மூடுவாள், திறப்பாள், மூடுவாள். பதினோரு வருஷம் திரையை விலக்கிப் பழகிய கை... ஆசைக்குச் சாத்திப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிழக்கு அறையில் நின்றுவிட்டாள்.

"அண்ணே, இந்த ரூம்ல மட்டும் வாடை தூக்கலா இருக்குல்ல?"

எனக்கு எல்லா அறையும் ஒரே வாசனைதான்.

கதவின் விளிம்பில் விரலை வைத்து எடுத்தாள். காயாத பெயின்ட் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மற்ற கதவுகளைத் தொட்டால் தூசிதான் வந்தது. குனிந்து கீழ் விளிம்பைத் தடவினாள். அங்கே பெயின்டே இல்லை. வெறும் மரம், இழைத்த மரம்.

"ஏங்க, புது வூட்டுக் கதவ எதுக்குங்க இழைச்சீங்க?"

கண்ட்ராக்டர் தொண்டையைச் செருமினார். "மரம்னா அப்படி இப்படித்தாம்மா இருக்கும்... காய காய சரியாயிடும்."

"காஞ்சா சுருங்கத்தான செய்யும்? இது புடிச்சுல்ல இருந்திருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ரஹ்மத் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பக்கத்து மனைக்கு நடந்தாள். அங்கே அதே கண்ட்ராக்டரின் இன்னொரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சித்தாள் பெண்கள் இரண்டு பேர் வேப்பமர நிழலில் தூக்குவாளியைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர்களோடு போய் உட்கார்ந்தாள். பாக்ஸிலிருந்த முட்டைப் பொரியலை எடுத்து அவர்கள் சோற்றில் வைத்தாள். நான் கொஞ்சம் தள்ளி, செங்கல் அடுக்கின் மேல்.

"ஏக்கா, அந்த வூட்டுக்கு அஸ்திவாரக் குழி தோண்டுனது நீங்களா?"

"நாங்கதான். எங்க வூட்டுக்காரரு வெட்டுனாரு, நான் மண்ணு அள்ளுனேன்" என்றார் மூத்தவர்.

"எவ்ளோ ஆழம்க்கா?"

அந்த அம்மா எழுந்து நின்று தொடைக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். "இம்புட்டுதான். மூணு அடி."

"போதுமாக்கா?"

"எங்க போதும்? இது கரிசலு தாயி. அடியில கெட்டியா சுக்கான்கல்லு தட்டற வரைக்கும் போவணும். ஆறடியோ ஏழடியோ... கோடையில வாயப் பொளக்கும், மழையில ஊதிக்கும் இந்த மண்ணு. மேல குந்திருக்கற வூடு என்ன பண்ணும்? அதும் கூடவே எந்திரிச்சு எந்திரிச்சு குந்தும். கெழக்கால ரூம்ல ஒரு வெடிப்பு வுட்டுச்சு, கை நொழையும். போன மாசமே பூசி மறைச்சாங்க, கதவ நேத்துதான் இழைச்சாங்க."

"நீங்க கண்ட்ராக்டர் கிட்ட சொல்லலியா?"

"சொன்னோம். உன் வேலயப் பாருன்னாரு. பாத்தோம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, நான் ரெண்டு தடவை வந்தேனே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அந்த அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தாமலே சொன்னார். "நீங்க எங்க சார் கேட்டீங்க? வீடியோ எடுக்கறப்ப, 'ஓரமா போம்மா, படத்துல வுழற'ன்னுல்ல சொன்னீங்க?"

இன்னொரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வெயில் திடீரென்று அதிகமானது.

யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டைப் பற்றி முழுக்கத் தெரிந்தவர்கள் அதில் ஒரு நாளும் குடியிருக்கப் போவதில்லை. குழியின் ஆழம் வெட்டினவருக்குத் தெரியும். சிமென்டில் எத்தனை சட்டி மணல் விழுந்தது என்று சுமந்த இடுப்புக்குத் தெரியும். சுவருக்கு எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினார்கள் என்று குடம் தூக்கியவருக்குத் தெரியும். நாம் அவர்களை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு, காகிதத்தை வக்கீலிடம் காட்டிச் சந்தேகம் கேட்கிறோம். காகிதம் பொய் சொல்லவில்லை. மண்ணுக்கு மேலே எது யாருடையது என்று கேட்டோம், அதைச் சொன்னது. கீழே என்ன இருக்கிறது என்று யார் கேட்டது?

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டெலிபோன் பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் ரஹ்மத்தும் நானும். ஜமாலின் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"எல்லாரும் பாத்துட்டாங்கடி! இங்க பிரியாணி போட்டாச்சு. இப்பப் போயி வேணாங்கற?"

"வேணாம்னு சொல்லல மச்சான். லீவ ஐப்பசிக்கு மாத்திக்கங்க. நீங்க வாங்க, ஒரு மழ பேயட்டும். பாத்துட்டு எழுதிக்குவோம்."

"ஐப்பசியா? புள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவு வைகாசிலதான? ரெண்டு வருசம் கழிச்சு வர்றேன், இன்னும் அஞ்சு மாசம் தள்ளிப் போடுங்கற?"

"ஆமா."

"அதுக்குள்ள டீச்சரம்மா வாங்கிட்டா?"

"வாங்குனா அது அவங்க நசீபு, அவங்களுக்கு எழுதுனது."

"அவன்கிட்ட குடு" என்றான் ஜமால்.

ரிசீவர் என் கைக்கு வந்தது. "நீ என்னடா சொல்ற? நீதான படம் புடிச்சு அனுப்புன?"

ரஹ்மத் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் வெளிச்சத்தைத்தான்டா பாத்தேன். வீட்டைப் பாத்தது தங்கச்சிதான்."

ஜமால் போனை வைத்துவிட்டான். ஐப்பசி வரை என்னோடு பேசவில்லை.

வெளியே வந்து டவுன் பஸ்சுக்காக நின்றோம். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ரஹ்மத் மெல்லச் சொன்னாள். "எனக்கு அந்த ஹாலு ரொம்பப் புடிச்சிருந்துச்சுண்ணே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீடு எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத்தான் வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான்.

ஜமால் ஐப்பசியில் வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். வந்த நாலாம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாத மழை. விட்ட மறுநாள் காலையில், முழங்கால் வரை கரிசல் சேற்றை ஏற்றிக்கொண்டு நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம்.

வீடு விற்காமல் இருந்தது.

"டீச்சரு என்னங்க ஆனாங்க?" என்றான் ஜமால்.

"அவங்க... டிரான்ஸ்பர் ஆயிட்டாங்க பாய்" என்றார் கண்ட்ராக்டர். ரஹ்மத் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வாசல் கதவு திறந்தது. கிழக்கு அறை? சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. கண்ட்ராக்டர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஜமாலும் தள்ளினான். அழுதுகொண்டே திறந்தது. உள்ளே மொசைக் தரை ஒரு பக்கம் உப்பி, மூச்சை இழுத்துப் பிடித்த வயிறு மாதிரி நின்றது. சுவரின் மூலையிலிருந்து ஜன்னல் வரை ஒரு கோடு. ஜமால் அதில் விரலை வைத்தான். விரல் உள்ளே போனது.

அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "ஏங்க, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று மட்டும் கேட்டான்.

கண்ட்ராக்டர் தலையிலிருந்த துண்டை எடுத்தார். "சொன்னா யாரு பாய் வாங்குவா? எங்க ஊரு செம்மண்ணு. மூணு அடிக்கு மேல தோண்டுனா, கெணறா வெட்டறேன்னு கேலி பண்ணுவாங்க. நாப்பது வூடு கட்டிருக்கேன், ஒண்ணுலகூட மசுரளவு வெடிப்பு கெடையாது. சித்தாளு சொன்னப்பவும் நம்பல, இந்த மண்ணு இப்படிச் செய்யும்னு சத்தியமா எனக்குத் தெரியல. தெரிஞ்சப்ப வூடு எந்திரிச்சிடுச்சு..."

நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அவர் ஏமாற்றுவதற்காகக் கட்டவில்லை. தெரிந்த தொழிலைத் தெரியாத மண்ணில் செய்தார். ஜெயங்கொண்டத்துக்கும் பெரம்பலூருக்கும் இடையில் பஸ் சில மணி நேரத்தில் போய்விடுகிறது. மண் அப்படி மாறிக்கொள்வதில்லை. தப்பு என்று தெரிந்த பிறகு பெயின்ட் டப்பாவைத் திறந்தாரே... குற்றம் அங்கேதான் ஆரம்பித்தது. நம்மில் எத்தனை பேர் அந்த டப்பாவைத் திறக்காமல் இருந்திருப்போம்?

ஆக, கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். வீட்டை மழையிடம் காட்டுங்கள். கட்டியவர் சொல்வதைக் கேளுங்கள், அதற்குப் பிறகு மண் சுமந்தவர் பக்கத்திலும் போய் உட்காருங்கள். அதே கட்டியவர் வேறு வீடும் கட்டியிருந்தால், அங்கே குடியிருப்பவர் கதவைத் தட்டித் தண்ணீர் கேளுங்கள். கொண்டுவர உள்ளே போகும் நேரம் போதும், சுவரைப் பார்த்துவிடலாம். முக்கியமாக, அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப் போவது யாரோ, அவரை முதலில் உள்ளே அனுப்புங்கள்.

மிச்ச லீவில் ஜமாலும் ரஹ்மத்தும் ஏழு வீடு பார்த்தார்கள். ஒன்றும் அமையவில்லை. அவன் திரும்பிப் போகிற நாள் வந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் புறப்படத் தயாராக நின்றது. பெட்டியை ஏற்றிவிட்டுப் படியில் கால் வைத்தவன், இறங்கி அவள் பக்கத்தில் வந்தான்.

"பவர் பத்திரம் ஒம்பேருல எழுதியாச்சு. இனி எனக்காகக் காத்திருக்க வேணாம். புடிச்சா நீயே முடிச்சுடு."

"பாத்து வைக்கறேன். முடிக்க மாட்டேன்."

"ஏன்?"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. அவன் ஓடிப் போய்த் தொற்றிக்கொண்டான். ரஹ்மத் கூடவே நாலு எட்டு நடந்தபடி சொன்னாள்.

"அடுத்த லீவையும் ஐப்பசிக்கே போடுங்க மச்சான்!"