அத்திமரத்தைச் சோதனை போட்ட கதை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு தேவசகாயம் மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். சர்ச்சுக்குப் போட்டுப்போன கோட்டைக்கூடக் கழற்றவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரைட்டரே, எம்மேல நீங்க ஒரு புகார் குடுக்கணும். வூட்ல தங்கம் ஒளிச்சி வெச்சிக்கிறேன்னு."

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – நான் தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் பேர் எழுதுகிறவன். எழுதத் தெரிந்த பாவத்துக்கு, கம்பெனி தொழிலாளிகள் குடியிருக்கும் எங்கள் லைனில் எல்லா மனுவும் என்னிடம்தான் வரும். லீவு மனு, கூரை ஒழுகும் மனு, மாமியார் மேல் மருமகள் மனு... எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் தன் மேல் தானே திருட்டுப் புகார் கேட்டு வந்தவர் இவர்தான் முதல். அதுவும் சர்ச்சிலிருந்து நேராக.

ஏன் மேஸ்திரி என்று கேட்டேன். பீப்பாயில் வைத்த அத்தி காய்க்கவில்லையாம். அதனால்தானாம்.

சிரிக்காதீர்கள். எங்கள் லைனில் இது மிகவும் நியாயமான காரணம். புரிய வேண்டுமானால் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

என் மனைவி மங்கம்மாவுக்கு ஒரு மரம் வைக்க வேண்டும் என்று ஆசை. நகை கேட்டிருந்தால் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். மரத்துக்கு என்ன சொல்வது? இந்த ஊரில் கம்பெனி பூமியின் வயிறு வரைக்கும் குடையலாம். ஆனால் லைன் வீட்டில் குடியிருப்பவன் வாசலில் ஒரு முழம் குழி தோண்டக் கூடாது. தோண்டினால் அடியில் தூங்கும் தங்கம் விழித்துக்கொள்ளும் போல. சட்டம் போட்டவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து, பெங்களூரில் ஒரு துரை பங்களாவில் சமையல் செய்யும் என் மச்சான் சீமை அத்திக் குச்சி ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி எங்கள் ஊருக்கு வரும் மாரிகுப்பம் ரயிலில் கொடுத்தனுப்பினான். பங்களாக்களில் இதைத் தொட்டியில் வளர்க்கிறார்களாம். தொட்டிக்கு எங்கே போவது? சிமெண்ட் வந்த மரப் பீப்பாய் ஒன்று காலியாகக் கிடந்தது. கேட்டு வாங்கினேன். அடியில் நாலு ஓட்டை போட்டு, உடைந்த சட்டித் துண்டுகளைப் பரப்பி, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினாள் மங்கம்மா. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்று மச்சான் எச்சரித்திருந்தான். அதனால் சுரங்கப் பாறையை அரைக்கும் மில்லுக்குப் பின்னால் மலை மாதிரி கொட்டிக் கிடக்கும் வெள்ளை மணலில் இரண்டு கூடை அள்ளி வந்து சேர்த்தாள். தங்கத்தை உறிஞ்சிவிட்டுக் கம்பெனி துப்பிய சக்கை அது. யாருக்கு வேண்டும்?

குச்சி துளிர்த்தது. கை அகலத்துக்கு இலை விட்டது. பிறகு இலை... இலை... இலை மட்டும்.

அதற்குள் லைன் ஆடுகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மார்கழிப் பனி வேறு. மங்கம்மா ஒரு முடிவுக்கு வந்தாள் – விளக்கு வைக்கும் நேரத்தில் மரத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது, விடிந்ததும் வெளியே தள்ளுவது. பீப்பாயை நகர்த்த உருட்டுக் கட்டை கொடுத்தவர் இதே தேவசகாயம் மேஸ்திரிதான். சுரங்கத்துக்குள் பாறை விழாமல் மரம் முட்டுக் கொடுக்கும் மேஸ்திரி அவர். கட்டைக்குப் பஞ்சமில்லை.

ஆக, தினமும் சாயங்காலம் நானும் மங்கம்மாவும் மூச்சு வாங்க ஒரு பீப்பாய் மண்ணை வீட்டுக்குள் உருட்டிப் போவோம். கதவைச் சாத்துவோம். காலையில் உருட்டி வருவோம். நடுநடுவே அவள் மீன் தலையையும் முட்டை ஓட்டையும் மண்ணுக்குள் புதைத்து மூடுவாள். யாரும் பார்க்காதபோதுதான் புதைப்பாள், பார்த்தால் நாற்றம் என்று சண்டைக்கு வருவார்களே.

வேறு ஊராக இருந்தால் பைத்தியம் என்று சொல்லி விட்டிருப்பார்கள். இது தங்க வயல். இங்கே ஒருவன் மண்ணை இவ்வளவு பாசமாக வைத்துக்கொண்டால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

ஒரு நாள் மத்தியானம் கம்பெனிக் காவல் ஜமேதார் நாலு ஆட்களோடு வந்து நின்றார். தகவல் வந்திருக்கிறதாம். யார் சொன்னது என்று கேட்டேன். அது ரகசியமாம். என் வீட்டுப் பீப்பாயைப் பற்றி ஊருக்கே தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாது.

ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் உட்பட லைன் முழுக்க வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. பீப்பாயைக் கவிழ்த்தார்கள். மரம் மண்ணோடு சாக்கின் மேல் விழுந்தது. வேர்கள் பீப்பாயின் வடிவத்துக்கே சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தன. அதற்குள் பொட்டலம் இருக்கும் என்று ஜமேதாருக்குச் சந்தேகம். "வெட்டிப் பாருடா" என்றார். கத்தியால் வேரைச் சுற்றிலும் சீவினார்கள். கிளைகள் இடைஞ்சலாக இருக்கின்றன என்று அவற்றையும் கழித்தார்கள். வெட்டிய இடமெல்லாம் பால் வடிந்தது. மங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அது மரத்துக்காக இல்லை.

அந்த வெள்ளை மணல் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

கம்பெனி துப்பிய சக்கைதான். ஆனால் சுத்தமாகவா உறிஞ்சியிருப்பார்கள்? ஒரு கடுகளவு ஒட்டியிருக்காதா? ஒட்டியிருந்தால் முதலில் வேலை போகும். அன்றைக்கே வீடு போகும். பிறகு கோலார் கோர்ட்டில் நின்று, ஐயா இது அத்திமரத்தின் வேர் அழுகாமல் இருக்கப் போட்ட மணல் என்று சொல்ல வேண்டும். நீதிபதி நம்பிவிடுவார், இல்லையா?

எங்கள் குடிதண்ணீரையே எடுத்து, தட்டில் மண்ணைப் போட்டு அலசினார்கள். தட்டைச் சாய்த்து, சுழற்றி, மறுபடி சாய்த்து... கடைசித் தட்டில் ஏதோ மின்னியது. ஜமேதாரின் மீசை நிமிர்ந்தது. கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. ஜமேதார் அதை நகத்தால் எடுத்துத் தேய்த்தார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. காக்காப்பொன். இந்த ஊரில் ரோட்டில் நடந்தால் செருப்பிலேயே ஒட்டும் சமாசாரம்.

"ஒண்ணும் இல்ல, போங்க" என்று கூட்டத்தை அதட்டிவிட்டு ஜமேதார் போய்விட்டார். மன்னிப்பா? அந்தச் செலவெல்லாம் கம்பெனி கணக்கில் கிடையாது. வாசல் முழுக்கச் சேறும், நடுவில் மொட்டைக் கட்டையாக ஒரு மரமும்தான் மிச்சம்.

மங்கம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "எவன் போய் சொன்னானோ, அவன் வாய்ல இந்த மரத்துப் பழம் பட்டுடக் கூடாது."

காய்க்கவே காய்க்காத மரத்துக்கு இது கொஞ்சம் அதிகப்படியான சாபம் என்று எனக்குத் தோன்றியது. மிஞ்சிய வேரோடு மரத்தை மறுபடி பீப்பாயில் வைத்துப் புது மண் போட்டாள். அந்த மணல் மட்டும் வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். வெட்டிப்போட்ட கிளைகளை லைன்காரர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போனார்கள். மேஸ்திரி இரண்டு எடுத்துப் போனார்.

அடுத்த கோடையில் மொட்டைக் கட்டையிலிருந்து புதுக் கிளைகள் வந்தன. ஒவ்வொரு இலைக் காம்புக்கு அடியிலும் ஒரு பச்சைப் பொத்தான். எண்ணெய் விளக்கை எடுத்துப் போய்ப் பார்த்தோம் – காய்! மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து, கருஞ்சிவப்பாகப் பழுத்து, அடியில் தேன் சொட்டு நின்றது. பங்களாத் தோட்டங்களில் தொட்டி மரத்துக்கு அவ்வப்போது வேரைக் கழிப்பார்கள், கிளையைக் கவாத்து பண்ணுவார்கள், அப்போதுதான் காய்க்கும் என்று மச்சான் சாவகாசமாகப் பிறகு சொல்லி அனுப்பினான். அங்கே அதைச் செய்ய சம்பளத்துக்குத் தோட்டக்காரன். எங்களுக்கு ஜமேதார் வந்து இலவசமாகச் செய்துகொடுத்திருக்கிறார்.

முதல் பழத்தட்டு யாருக்குப் போனது தெரியுமா? உருட்டுக் கட்டை கொடுத்த நல்ல மனுஷனுக்கு. அதிலிருந்து வருஷா வருஷம் மேஸ்திரி வீட்டுக்குத் தட்டு போகும். எடுத்துப் போன கிளைகள் லைனில் வீட்டுக்கு வீடு பீப்பாயில் நிற்கின்றன. எல்லாம் இலை... இலை. எங்களுடையது மட்டும் காய்க்கிறது. சோதனை போட்டால்தான் அத்தி காய்க்கும் என்று லைனே நம்புகிறது. நான் மச்சான் சொன்னதை எடுத்துச் சொன்னேன். யார் கேட்டார்கள்? தன் கையால் தன் மரத்தின் வேரை வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை. ஜமேதார் வெட்டினால் அது ஜமேதார் பாவம்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

மேஸ்திரி கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். மங்கம்மா உள்ளே அவருக்கு என்று தட்டில் பழம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் வேண்டாம், ஜமேதார் சும்மா வரமாட்டார், இழுத்தடிப்பார் என்று நான் நழுவப் பார்த்தேன்.

"அதெல்லாம் ஒடனே வந்துடுவாங்க, ரைட்டரே," என்றார் மேஸ்திரி. "நா குடுத்தப்ப மறுநாளே வந்தாங்களே."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. கோட்டுப் பொத்தானைத் திருக ஆரம்பித்தார். நான் வாசலைப் பார்த்தேன். வாசலில் பார்க்க ஒன்றும் இல்லை.

மங்கம்மா தட்டோடு வந்து நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டது. இத்தனை வருஷமாக அவள் சாபம் தட்டில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் தட்டு பறக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டிலிருந்த பழங்களைப் பார்த்தாள். மேஸ்திரியைப் பார்த்தாள். உள்ளே போய் இன்னும் இரண்டு பழம் எடுத்து வந்து தட்டில் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"துப்பு சொன்னா இனாம் உண்டுன்னு சொல்லுவாங்களே, அண்ணே. தங்கம் கெடைக்கல, உங்களுக்கு ஒண்ணும் தந்திருக்க மாட்டாங்க. இத்த வெச்சிக்கங்க."

மேஸ்திரி தட்டோடு போனார். தலை நிமிரவேயில்லை. தட்டு இன்னும் திரும்பி வரவில்லை.

புகாரை அன்று சாயங்காலமே கொடுத்துவிட்டேன். கையெழுத்து அவ்வளவு அழகாக வந்தது. ஜமேதார் புதன்கிழமை மேஸ்திரி வீட்டுக்கு வந்தார், வெட்டினார், அலசினார், போனார். இந்த முறை வேடிக்கை பார்க்க நான்தான் முன் வரிசை.

சொல்ல மறந்துவிட்டேன் – எங்கள் வீட்டில் ஒரு எலுமிச்சையும் பீப்பாயில் நிற்கிறது, ரொம்ப நாளாகக் காய்க்கவில்லை... மேஸ்திரி இந்தப் பத்தியைப் படிப்பார் என்று நம்புகிறேன்.