பின்சுவர்ப் பைகள்

அம்புஜம் வங்கியில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவர். விருப்ப ஓய்வு வாங்கிய ஆறாம் மாதம் மல்லேஸ்வரத்துச் சந்து ஒன்றில் ஓர் உல்லன் கடையை விலைக்கு வாங்கினார். பின்னத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வங்கி மேலாளருக்கு நோட்டு அச்சடிக்கத் தெரிய வேண்டுமா என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

கடையை விற்ற சோஃபியா, மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போகிறவர். எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், பின்சுவரில் தொங்கும் பைகளை மட்டும் தொடாதீர்கள் என்றார். காரணமும் சொன்னார். மெரூன் என்றால் எல்லாம் ஒரே மெரூன் இல்லையாம். ஒரு தொட்டியில் சாயம் முக்கியதும் இன்னொரு தொட்டியில் முக்கியதும் சேராதாம். அதனால் ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய மொத்த நூலையும் ஒரே சாயத்தில் எடுத்து, பையில் போட்டு, பெயர் எழுதி மாட்டிவிடுவார். பெண்கள் கையில் காசு சேரும்போது வந்து இரண்டிரண்டு உருண்டையாக வாங்கிப் போவார்கள். அம்புஜம் பலமாகத் தலையாட்டினார். மனதுக்குள் அப்போது அவர் கண்ணாடி அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

சோஃபியாவின் விமானம் தரையிறங்குமுன் நாற்பத்தொரு பைகளும் கீழே இறங்கிவிட்டன. உரிமை கோராத இருப்பு என்றால் அம்புஜத்துக்கு அலர்ஜி. கசங்கிய லேபிள்களையெல்லாம் கிழித்தார். கம்ப்யூட்டர் ஸ்டிக்கர் ஒட்டினார். வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறம்வரை அடுக்கிப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாத்தனார் ஆறு கைதட்டல் அனுப்பினார். நாத்தனாரிடமிருந்து கைதட்டல் வந்தால் எதற்கும் ஒருமுறை உட்கார்ந்து யோசிப்பது நல்லது. அம்புஜம் யோசிக்கவில்லை.

பத்தாம் நாள் மர்பி டவுனிலிருந்து பாஞ்சாலி வந்தாள். ஆபீஸ் ஒன்றில் துப்புரவு வேலை. அபார்ட்மெண்ட் கேட்டில் காவலுக்கு நிற்கும் கணவன் முனியப்பனுக்காக மூன்று மாதமாக ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறாள். முன்னும் பின்னும் முடிந்து, கைகள் மட்டும் பாக்கி. தன் பெயரில் இருக்கும் மூன்று உருண்டையைக் கேட்டாள்.

அம்புஜம் ரசீது கேட்டார். அப்படி ஒன்றை சோஃபியாம்மா தந்ததே இல்லை என்றாள் பாஞ்சாலி. சரி போகட்டும் என்று பெருந்தன்மையோடு மூன்று மெரூன் உருண்டைகளை எடுத்துக் கொடுத்தார். அவள் அவற்றை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் ஸ்வெட்டர்மேல் வைத்துப் பார்த்தாள். அலமாரியில் இருந்த மெரூன் அத்தனையும் வாசலுக்கு வந்தது. ஒரே ஒரு உருண்டை சேர்ந்தது. மற்ற இரண்டும் அந்த வாரம் யார் கையிலோ விலை போயிருந்தன.

"ஒடம்பு ஒரு கலரு, கை பேறே கலரு. அவரு போட்டுக்கவே மாட்டாரு மேடம்."

அவள் சத்தம் போட்டிருந்தால் அம்புஜத்துக்குச் சமாளிக்கத் தெரியும். சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்தே பதவி உயர்வு வாங்கியவர். அவள் படியில் உட்கார்ந்து, முடித்த முன்பாகத்தின் முனையைத் தேடிப் பிடித்து உருவ ஆரம்பித்தாள். மூன்று மாத வேலை சரசரவென்று அவிழ்ந்தது. அம்புஜம் கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார். எதற்கு என்று கேட்டார்.

"பளசுல ரெண்டு வரி, புதுசுல ரெண்டு வரின்னு மாத்திப் போட்டா கண்ணுக்குத் தெரியாது. கைய நீட்டுங்க."

மேலாளரின் இரண்டு கைகளிலும் சுருண்ட நூலைச் சுற்றினாள். தொலைபேசி அடித்தது, எடுக்க முடியவில்லை. மூக்கு அரித்தது, அதுவும் முடியவில்லை. குரோஷா ஊசி கேட்டு வந்தவர் தானே தேடி எடுத்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் மமதா என்று ஒருத்தி வந்து, கடல்பச்சையில் தன் பெயர்போட்ட பை எங்கே என்று கேட்டாள். அடுத்த தெருவில் இன்னொரு உல்லன் கடை இருப்பது அம்புஜத்துக்குத் தெரியும்; உண்மையைச் சொன்னால் இவள் அங்கே போய்விடுவாள். சோஃபியா எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டார் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ தவறுகளை இடமாற்றலாகிப் போனவர்கள் தலையில் கட்டிய நாக்கு அது.

கையிலிருந்த நூலைப் பார்த்தார். "நான்தாம்மா கலைச்சுட்டேன். எல்லாத்தையும்."

மமதா அலமாரியைப் பார்த்தாள், கட்டுண்ட கைகளைப் பார்த்தாள். பிறகு தன் கூடையிலிருந்து பாதி பின்னிய பச்சையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பாஞ்சாலி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனுக்கு முடிஞ்சதும் சொல்லுக்கா. மேடம் கை எனுக்கும் வேணும்."