கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம்

போன வருடம், உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை. இடம் சல்லிக் கரை. திருகோணமலை ரவுணிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான்.

அன்று விடிய அங்கே நின்றவர்கள் இவர்கள். கரைவலையின் முதலாளி. கிண்ணியா முஸ்லிம், அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்போம். தெற்குக் கயிற்றில் எங்கள் ஆட்கள், முன்னுக்கு நான். வடக்குக் கயிற்றில் மற்ற ஆட்கள். வலைக்குப் பின்னால் நீந்தி வருகிறவர் ஒருவர். கடைசியாக வந்தவன் என் மனைவியின் தம்பி, என் மச்சான்.

எனக்கும் மச்சானுக்கும் ஒரே நாளில், ஒரே கடலில் ஞானஸ்நானம். அதற்கு முன் இரண்டு பேரும் ஒன்றாய்க் குடித்தவர்கள். நான் தண்ணீருக்குள் இறங்கி ஏறினேன், விட்டேன். அவன் விட்டான், பிறகு குடித்தான். அழுதான், விட்டான், திரும்பவும் குடித்தான். பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் குடிவெறியில் எங்கள் வீட்டு ஜெபத்துக்கு வந்து நின்றான். இனி இந்தப் படி ஏறாதே என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டேன். மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு குசினிக்குள், அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு இருக்கிறது அந்த ஒரு தம்பிதான்.

அன்று கரையில் நானா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடிச்சிட்டோ வந்திருக்காய்?"

"இல்லை நானா."

"அப்ப கை என்னத்துக்கு இப்பிடி நடுங்கி அடிக்குது?"

"விட்டதாலதான் அடிக்குது."

வடக்குப் பக்கத்தில் ஒருவன் சொன்னான். "கையில இன்ஜின் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் நானா. வலை தன்பாட்டில வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"இண்டைக்கு இழுத்துக் காட்டு," என்றார் நானா. "ஏலாட்டி இனி இந்தக் கரைப்பக்கம் வராத."

வடக்குக் கயிற்றுக்கு அனுப்பினார். படகுக்காரர்கள் முன்பே அவனை நிறுத்திவிட்டார்கள். இந்த வேலையும் போனால் அவன் போகிற இடம் சாராயத் தவறணை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டு, தோணி கடலில் அரைவட்டமாய் வலையைப் போட்டு வந்து மற்ற நுனியைத் தரும். இரண்டு பக்கமும் நின்று இழுக்க வேண்டும். நடுவில் மீன் சேர்கிற பை. அதுதான் மடி. இரண்டு கயிறும் ஒரு அளவில் வர வேண்டும். ஒன்று முந்தினால் மடி சரியும், மீன் போய்விடும்.

இழுக்கத் தொடங்கினோம். வடக்குப் பக்கம் பிந்தியது. அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் பிந்தட்டும், எல்லோரும் பார்க்கட்டும், நானா அவனைத் துரத்திவிடட்டும் என்று நினைத்தேன். சபைக்கும் அவனால் இனி வெட்கம் வராது என்று ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். வேகமாய் இழுத்தேன்.

எனக்குப் பின்னால் நின்றவன் கத்தினான். "பாஸ்டர், கொஞ்சம் மெல்ல! உங்களுக்குப் பரலோகம், எங்களுக்கு இடுப்புப்பிடிப்பு!"

நான் பாஸ்டர் இல்லை. குடியை விட்ட நாளிலிருந்து பகிடிக்கு அப்படிக் கூப்பிடுகிறார்கள்.

கடலில் நீந்தி வந்தவர் கையைத் தூக்கிக் காட்டினார். நானா மணலில் ஓடி வந்தார்.

"தெக்கால நிப்பாட்டுங்க! மடி சரியுது!"

மற்றவர்கள் நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. நானா கிட்ட வந்து கயிற்றில் கை வைத்தார்.

"மீன் உன்ட கயித்துலயா கிடக்கு? மடியில கிடக்கு. அவனுகள் வராம நீ மட்டும் வந்து என்ன செய்யப் போறாய்?"

"அவன் இழுக்கிறான் இல்லை, நானா."

"இழுக்கிறான். நீதான் பாக்கேல்ல. பேசாமப் பிடிச்சுக்கொண்டு நில்லு."

நின்றேன். இழுக்கிறதை விட இது கஷ்டம். நீரோட்டம் வலையைத் தன் பக்கம் இழுக்கும். குதிக்கால் மணலுக்குள் புதையும். கயிறு உள்ளங்கையைத் தின்னும். விடவும் கூடாது, இழுக்கவும் கூடாது. செய்ய வேறு வேலை இல்லாததால் அந்தப் பக்கம் பார்த்தேன்.

மச்சான் இழுத்தான். திடீரென்று ஒரு பக்கம் திரும்பி வாந்தி எடுத்தான். கடல் தண்ணீரை அள்ளி வாயைக் கழுவினான். திரும்ப வந்து கயிற்றைப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் மணலில் விழுந்துவிட்டான். போய் நிழலில் படு என்று பக்கத்தில் நின்றவன் கையால் காட்டினான். இவன் தலையை ஆட்டிவிட்டு எழும்பினான். பிடித்தான். இழுத்தான்.

இதுவரை நான் அவன் விழுந்ததை மட்டும் பார்த்தவன். விழுந்த உடனே முகத்தைத் திருப்பிவிடுவேன். எழும்புகிறதை ஒரு நாளும் பார்த்ததில்லை. கர்த்தர் முகத்தைத் திருப்பவில்லை. அவர் அதையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

கை நோக நோக இன்னொன்றும் விளங்கியது. ஒரே நாளில் புது மனிதன் ஆனேன் என்று சபையில் சாட்சி சொல்கிறவன் நான். சாராயம் போனது உண்மை. கோபம் போகவில்லை. பெருமை புதிதாய் வந்து சேர்ந்தது. எனக்குள் ஒரு கயிறு கரைக்கு வந்துவிட்டது, மற்றது இன்னும் கடலில் கிடக்கிறது. அதற்காகக் கர்த்தர் என்னை அறுத்துவிடவில்லை. பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

வடக்குக் கயிறு எங்களுக்குச் சரியாய் வந்தது.

"இப்ப வாங்க, ரெண்டு பக்கமும்!" என்றார் நானா.

சேர்ந்து இழுத்தோம். மீன் போயிருக்கும் என்றுதான் நினைத்தோம். மடி கனமாய் வந்தது. சூடையும் பாரையும் துள்ளின. நானா மீனைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார்.

"நாளைக்கு நேரத்தோட வா," என்றார். அவ்வளவுதான்.

பிளேன்டீ வந்தது. மச்சானுக்குக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, தேத்தண்ணீர் சிந்தியது. நான் வாங்கி அவன் வாயில் வைத்தேன்.

"விடுங்கோ அத்தான். பாக்கிற ஆக்கள் பகிடி பண்ணுவினம்."

"பண்ணட்டும். பின்னேரம் ஜெபத்துக்கு வா."

"படி ஏறக் கூடாது எண்டனீங்கள்."

"ஓம், எண்டனான். இப்ப ஏறச் சொல்லுறன்."

அவன் சிந்தின தேத்தண்ணீரைக் கையால் துடைத்தான்.

"திரும்ப விழுந்திட்டா?"

"வாயைக் கழுவிப்போட்டு வா."

பின்னேரம் வந்தான். மனைவி குசினிக்குள் போகவில்லை. அவன் சாப்பிட்டு முடியும் வரை பக்கத்திலேயே இருந்தாள்.

அதற்குப் பிறகும் அவன் விழுந்தான். கழுவிப்போட்டு வந்தான். நான் கதவைச் சாத்தவில்லை. இப்போது சில மாதமாய்க் குடி இல்லை, கை நடுக்கமும் இல்லை. என் கோபமும் முன்னைப்போல் இல்லை என்று மனைவி சொல்கிறாள். நான் சொன்னால் நம்ப வேண்டாம், அவள் சொன்னால் நம்பலாம். இனியும் அவன் விழலாம். நானும் வேறு விதமாய் விழலாம். எனக்குப் பயமில்லை. எங்களில் வேலையைத் தொடங்கின கர்த்தர் பாதியில் கயிற்றை விடுகிறவர் இல்லை. எங்களை ஒரு அளவில் கரை சேர்க்க எவ்வளவு நேரமும் நிற்பார். அதை நான் அன்று என் கையால் அறிந்தேன்.

பின்னேர ஜெபத்துக்கு மனைவி இப்போது பெரிய பாயை விரிக்கிறாள். நான், அவள், மகள், மச்சான்.

நாலு பேர்.